மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த நாடு தோது?

கேள்வி: ஜூன் 8, 2025

"மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஜோஹன்னஸ்பர்க்கில் நாங்கள் இருக்கும் பகுதியில் கிரெஷ் (பகல் காப்பகம்) என்றால் மாதம் நாலாயிரம் ராண்டுக்குக் குறைந்து பேச்சே இல்லை. ஊரில் மாமியாரிடம் விட்டால் தெருமுனையிலேயே அங்கன்வாடி, காசு கிடையாது. ஃபின்லாந்தில் ஏழு வயது வரை பள்ளிக்கூடமே இல்லை என்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் என்ன கெட்டா போய்விட்டார்கள்? இந்த வயதில் பள்ளி என்பது பெற்றோரின் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம் என்பது என் முடிவு. வேறு நாடுகளில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 8, இரவு

ஃபின்லாந்தை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். எல்லா வாதத்திலும் அந்த நாடு வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே பள்ளி ஏழு வயதில் தொடங்குகிறது என்பது உண்மைதான். அதற்காக அதுவரை பிள்ளை பாட்டி மடியில் கதை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பள்ளி வயதுக்குக் கீழே இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் பகல் காப்பகத்தில் இடம் கேட்டு வாங்கச் சட்டப்படி உரிமை உண்டு, 1990களிலிருந்தே. மூன்று வயதுக்கு மேல் என்றால் ஏழு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு. ஆறு வயதில் ஒரு முன்பள்ளி ஆண்டு, அது 2015 முதல் கட்டாயம். பலகையில் 'பள்ளி' என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

நானும் இதே தென்னாப்பிரிக்காவில்தான், டர்பனில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். என் அம்மா மேலூர் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆண்ட்டி தன் வீட்டு கராஜில் கிரெஷ் நடத்துகிறார். வாரம் இரண்டு நாள் அங்கே போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், என் சின்னவளும் அங்கேதான் இருக்கிறாள். அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு முனையும் கொஞ்சம் தெரியும். நாலாயிரமா, இலவசமா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: காலை பத்து மணிக்கு அந்த அறையில் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருப்பது யார்? அவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது?

ஜூன் 10

"எண்ணிக்கையோடு பேசுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி.

2021இல் தென்னாப்பிரிக்கா முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிரெஷ், பிளே குரூப், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் என்று எல்லாவற்றையும் தேடிப் போய் எண்ணினார்கள். 42,420 இடங்கள், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இதில் அரசு கட்டி நடத்துவது சொற்பம். மற்றதெல்லாம் கராஜ், கன்டெய்னர், சர்ச் பின்கட்டு, தகரக் கொட்டகை. பெரும்பாலும் ஒரு பெண் தன் கைக்காசைப் போட்டு ஆரம்பித்தவை. மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அரசு மானியம் வந்துகொண்டிருந்தது.

அந்த மானியம் எவ்வளவு என்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட். 2019இல் வைத்த 17. எண்ணெய் ஏறியது, முட்டை ஏறியது, லோட் ஷெட்டிங் என்று மின்வெட்டு வந்து கேஸ் அடுப்பு வாங்க வேண்டி வந்தது, 17 மட்டும் அப்படியே நின்றது. இந்த வருஷ பட்ஜெட்டில்தான் 24 ஆக்கியிருக்கிறார்கள்.

நான் கணக்கு எழுதுகிறவள், அதனால் இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 28.79 ராண்ட். எட்டு மணி நேரத்துக்கு 230. அதாவது பத்துப் பிள்ளைகளின் மானியம் முழுவதும் ஓர் உதவியாளரின் ஒரு நாள் கூலிக்குச் சரியாகப் போய்விடும். அப்புறம் கஞ்சி எதில் வைப்பது?

விளைவையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு எடுத்த இன்னொரு கணக்கில், இந்த நாட்டின் நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளில் 57% பேர் அந்த வயதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் நிலையில் இல்லை.

ஜூன் 11

திருத்தம். "இந்த நாட்டின் பிள்ளைகளில்" என்று நேற்று எழுதியது தப்பு. அந்த 57% ஏதோ ஒரு கிரெஷுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைச் சோதித்து வந்த எண். எங்குமே போகாத பிள்ளைகள் அதில் இல்லை. திருத்தினால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது, என்ன செய்ய.

கேள்வி கேட்டவர் உடனே பிடித்துக்கொண்டார்: "போன பிள்ளைகளுக்கே இந்தக் கதியா? அப்போது நான் சொன்னது சரிதானே?" இல்லை. சமைத்தது வேகவில்லை என்றால் பட்டினி கிடப்பது நல்லது என்று ஆகிவிடாது. அதே கணக்கில் வசதியான கிரெஷ்களின் பிள்ளைகள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவிடம் இன்று ஒரு மணி நேரம் பேசினேன். இதைப் பற்றித்தான். அவர் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் ஒரு சத்துணவுத் திட்டம் வந்தது, எங்கள் மதுரை மாவட்டத்தில்தான் ஆரம்பம். எல்லாப் பிள்ளைக்கும் சோறு போடுவதில்லை. மாதம் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் தொங்கும் தராசில் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். காகிதத்தில் பார்த்தால் கெட்டிக்காரத் திட்டம், உள்ளபடியே பலனும் தந்தது. அம்மா அதில் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம்கூட ஆகவில்லை.

எடை போடும் நாள் காலையில் ஒரு பெண் வாசலில் நிற்பாராம். "டீச்சர், ஏறிருச்சுன்னு எழுதிறாதீங்க." ஒரு கிலோ ஏறியதற்குச் சந்தோஷப்பட வேண்டிய தாய், அந்தக் கிலோ தன் பிள்ளையின் உருண்டையைப் பறித்துவிடும் என்று பயந்து நிற்கிறார். "நீ என்ன எழுதினே?" என்று கேட்டேன். அம்மா பேச்சை மாற்றிவிட்டார்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபோது இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இல்லை. இரண்டு வயது முடிந்த பிள்ளை, தட்டை எடுத்துக்கொண்டு வா, உட்கார், சாப்பிடு. அவ்வளவுதான். பொருளாதார அறிஞர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், அரசாங்கம் திவாலாகும் என்றார்கள். ஆகவில்லை. அப்புறம் முட்டை வந்தது, அப்புறம் கலவைச் சாதம். 2022 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளிகளுக்குக் காலை உணவும்.

ஓர் ஒப்பீடு, ஆண்டுகள் சரியாகப் பொருந்தாது, தெரிந்தே சொல்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள்: தென்னாப்பிரிக்காவில் 2016 கணக்கில் 27%, தமிழ்நாட்டில் 2019-21 கணக்கில் 25%. தலைக்கு வருமானம் என்று பார்த்தால் தென்னாப்பிரிக்கா எங்கேயோ மேலே இருக்கிற நாடு. இங்கே மால் இருக்கிறது, ஆறு வழிச் சாலை இருக்கிறது, ஏழைப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகையும் (2025இல் 560 ராண்ட்) இருக்கிறது. தெருமுனையில் தட்டோடு போய் உட்காரும் இடம்தான் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை.

ஜூன் 15, கொஞ்ச நேரம் கழித்து

ஊரைத் தூக்கிப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. எங்கள் தெருவில் இப்போது கதை என்னவென்றால், அங்கன்வாடிக்கு எதிரிலேயே மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. டை கட்டிய மூன்று வயசு அதில் ஏறி எல்கேஜிக்கு முந்தின வகுப்புக்குப் போகிறது. சத்துமாவை மட்டும் பாட்டி போய் வாங்கிக்கொள்கிறார். அந்த மாவில் பாதி வீட்டு மாட்டுக்கு. (மாடு நன்றாக இருக்கிறது.)

அரசே இதைப் பார்த்துத்தான் 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. சோறு வென்றது, பாடம் தோற்றது என்று அம்மாவே சொல்வார். சமைக்க, எடை போட, பதிவேடு எழுத, தடுப்பூசிக்குக் கூட்டிப் போக, தேர்தல் வேலை பார்க்க, எல்லாம் முடித்துவிட்டு 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' சொல்லிக் கொடுக்க அவருக்கு எப்போது நேரம் இருந்தது? அதுவும் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று சொல்லிக்கொண்டு. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022இல்தான்.

ஜூன் 16

இன்று இங்கே விடுமுறை, இளைஞர் தினம். 1976இல் சோவெட்டோ பிள்ளைகள் வெள்ளையர் அரசு திணித்த ஆப்பிரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்க மாட்டோம் என்று தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் சுட்டது. இதைப் பெரியவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1965இல் மதுரையில் தாத்தாவும் இப்படித்தான் தெருவுக்கு வந்தார் என்று சேர்த்துச் சொன்னேன். "தாத்தாவுக்கு எந்த மொழி வேண்டாம்?" "இந்தி." "அப்போது எதில் படிக்க ஆசை?" நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாத்தாதான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்.

மொழி விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். எனக்கு இதில் சொந்தக் காயம் உண்டு.

பெரியவனுக்கு மூன்று வயதானபோது வேறு பகுதியில் இருந்தோம். அவனைச் சேர்த்த முன்பள்ளியில் ஒரு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: பையன் பேசத் தாமதமாகிறது, வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள். படித்தவர் சொல்கிறார் என்று தலையாட்டினோம். பதினோரு மாதம். சோறு ஊட்டும்போதுகூட இங்கிலீஷ். எனக்கு வருகிற இங்கிலீஷ் பேங்க் ஃபாரம் நிரப்புகிற இங்கிலீஷ். அதில் பிள்ளையைக் கொஞ்ச முடியாது. அதட்டவும் வராது. அவன் பேச்சு கூடவில்லை, இருந்த தமிழும் போனது. ஃபோனில் அம்மா "கண்ணு" என்றால் என் முகத்தைப் பார்ப்பான், என்ன சொல்கிறார் என்று. அன்றோடு நிறுத்தினோம். தமிழ் திரும்ப வந்தது, ஆனால் அவன் தமிழில் ஓர் இடுக்கு இன்னும் இருக்கிறது: மூன்று நாலு வயதில் கற்க வேண்டிய சொற்கள் இல்லை, ஏழு வயதுச் சொற்கள் இருக்கின்றன.

இப்போது கராஜுக்கு வருகிறேன். ஆண்ட்டியின் பாட்டனுக்குப் பாட்டன் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்த கரும்புக் கூலி. முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது, அதற்குச் சில வருஷம் கழித்து வந்த கப்பலாம். ஆண்ட்டி தன் பாட்டியை ஆயா என்பார். (எனக்கு ஆயா என்றால் பால்வாடியில் சோறாக்குகிறவர். முதல் மாதம் முழுக்க "எங்கள் ஆயா நகை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவார்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஏதோ ஒரு பெரிய வீட்டு வேலைக்காரம்மாவைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.) ஆயா தமிழில் சாமியோடும் பிள்ளையோடும் சண்டை போட்டவர். ஆண்ட்டியின் அம்மாவுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். ஆண்ட்டிக்கு "சாப்பிட்டியா", "போ", "வா", அப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் தேவாரம். 1960களிலிருந்து இங்கே தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக இப்படித்தான் மாறின.

கிரெஷுக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசி ஜூலு மொழி பேசுகிறவர்கள். பக்கத்து உம்லாஸியிலிருந்து விடியற்காலை டாக்சியில் வருகிறார்கள். அம்மாக்கள் இங்கிலீஷுக்காகவே இங்கே காசு கட்டுகிறார்கள். ஆண்ட்டி இங்கிலீஷில் மட்டும்தான் பேசுவார். ஏன் என்று கேட்டேன். "நாங்கள் ஒரே தலைமுறையில் மாறினோம். எங்கள் வீட்டில் இரண்டு டாக்டர். எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாய்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 17

தூக்கத்தில் தோன்றிய பதில், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆண்ட்டி வீட்டார் மாறியது உண்மை, ஆனால் எப்படி மாறினார்கள்? டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு அரசு பெரும்பாலும் பள்ளி கட்டித் தரவில்லை. ஊர் கூடிக் காசு சேர்த்துக் கட்டியது, அரசு உதவி அப்புறம்தான். டீச்சரும் அதே தெருவில் வளர்ந்தவர், பிள்ளை தமிழில் அழுதால் தமிழில் சமாதானம் சொல்லத் தெரிந்தவர். வீட்டில் ஆயா தமிழ் பேசிக்கொண்டேதான் இருந்தார். ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் கால் மாற்றினார்கள். முழுதாக விட்டது பேரப் பிள்ளைகள்.

கராஜுக்கு வரும் மூன்று வயசு, ஐந்தரை மணி இருட்டில் கிளம்பி வந்து ஆண்ட்டியின் இங்கிலீஷில் விழுகிறது. பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றால், கோகோ இருக்கிறார்.

கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி. கூட்ட, துடைக்க, கஞ்சி கிண்ட என்று வைத்திருக்கும் ஓர் அம்மா. அவர் "வோஸா" என்றால் பிள்ளை ஓடி வரும், "துலா" என்றால் அறை அடங்கும். "அமான்ஸி" என்று ஒரு பிள்ளை முனகினால் தண்ணீர் கேட்கிறது என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரியும். என் சின்னவள் கற்ற முதல் இருபது ஜூலுச் சொல்லும் அவரிடம்தான். அங்கே டீச்சர் யார் என்று என்னைக் கேட்டால் கோகோ என்பேன். கணக்குப் புத்தகத்தில் அவர் 'துப்புரவு' என்ற தலைப்பில் இருக்கிறார். அந்தப் புத்தகத்தை எழுதுவது நான்தான்.

ஜூன் 20

மொழி பற்றி எழுதியதைப் படித்து "ஆக, தாய்மொழியில் சொல்லிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும்" என்று மூன்று பேர் கை தட்டியிருக்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் ஆசை, எண்கள் விடமாட்டேன் என்கின்றன.

2021இல் நடந்த உலக வாசிப்புச் சோதனையில் தென்னாப்பிரிக்க நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81% பேருக்குப் படித்ததன் பொருள் சொல்லத் தெரியவில்லை. 2016இல் 78. எல்லோரும் "இங்கிலீஷில் சோதித்தால் அப்படித்தான்" என்று நினைக்கிறார்கள், நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளை முதல் மூன்று வகுப்பில் எந்த மொழியில் படித்ததோ அந்த மொழியிலேயே சோதித்தார்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வீட்டு மொழி. ஜூலு பேசும் பிள்ளைக்கு ஜூலுவிலேயே படித்து விளங்கவில்லை.

ஏன் என்றால், தாய்மொழி என்று பலகையில் எழுதினால் போதாது. வாசிக்கப் புத்தகம் வேண்டும். வாசிக்கச் சொல்லித் தரும் முறை வேண்டும். ஜூலு, நம் தமிழ் போல ஒட்டு ஒட்டாகச் சேர்ந்து நீளும் மொழி. 'ங்கியாகுதாண்டா' என்று ஒரே சொல்லில் "நான் உன்னை நேசிக்கிறேன்" வந்துவிடும். இங்கிலீஷ் பிள்ளைக்கு மூன்று சின்னச் சொல், ஜூலுப் பிள்ளைக்கு ஒரு ரயில் வண்டி. 'பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதை ஏழு வயசு வாசிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும்.

இந்த ஆண்டு முதல் நாலாம் வகுப்பிலும் தாய்மொழியை இங்கிலீஷோடு சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அது நாலாம் வகுப்புக் கதை. மூன்று வயதுக்குப் புத்தகத்தைவிடக் கோகோதான் முதலில் வேண்டும்.

ஜூலை 2

"முன்பள்ளியில் போடும் ஒரு டாலர் ஏழு டாலராகத் திரும்பும்" என்ற வரியை ஒருவர் போட்டிருக்கிறார். இந்த வரியைக் கிரெஷ் மாநாட்டுத் துணிப்பையில்கூடப் பார்த்திருக்கிறேன்.

அது பெரும்பாலும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற ஊரில் 1962க்கும் 67க்கும் இடையே நடந்த ஒரு சோதனையிலிருந்து வருவது. மொத்தம் 123 பிள்ளைகள், அதில் முன்பள்ளிக்குப் போனது 58 பேர். அந்த 58 பேருக்கு டீச்சர்கள் எல்லாம் பட்டம் படித்தவர்கள், ஐந்தாறு பிள்ளைக்கு ஒருவர். வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது தாண்டியும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் முப்பத்துச் சொச்சம் பிள்ளை, ஓர் ஆண்ட்டி, ஒரு கோகோ இருக்கும் கராஜில் 24 ராண்டைப் போட்டுவிட்டு இப்சிலாண்டி லாபத்தை எதிர்பார்ப்பது, டீக்கடை பாலில் ஹார்லிக்ஸ் விளம்பரத்து உயரம் கேட்பது போல.

இங்கே சட்டம் மூன்று நாலு வயதுக்கு ஒரு பெரியவருக்கு இருபது பிள்ளை வரை விடுகிறது. ஃபின்லாந்தில் ஏழு என்று முதல் நாள் எழுதினேனே, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 6

மொரீஷியஸில் முன்பள்ளிக்கு இன்னும் கட்டணம் என்று பேச்சுவாக்கில் ஒரு தோழியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் அந்தத் தீவின் ரோஸ் ஹில் ஊர்க்காரர். 2024 ஜனவரி முதல் அங்கே முன்பள்ளி இலவசம். அதற்கு முன்னால் பிள்ளைக்கு மாதம் 200 மொரீஷியஸ் ரூபாய் அரசு தந்தது, மீதி கைக்காசு.

அவர் சொன்ன மற்றது சுவையானது. அங்கே வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி), டீச்சர் வாயில் கிரியோலும் பிரெஞ்சும், பாடப் புத்தகம் இங்கிலீஷ். கிரியோலைத் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக விட்டதே 2012இல். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் தமிழ் வகுப்புக்குப் போவார்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியதற்காக 1998இல் தெருவில் இறங்கி, அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் அந்தத் தீவுத் தமிழர்கள். "ஆனால் என் பேத்தி அழுவது கிரியோலில்தான்" என்றார் தோழி.

ரீயூனியன் பற்றிக் கேட்டவருக்கு: அது மொரீஷியஸுக்குப் பக்கத்துத் தீவு, ஆனால் பிரான்ஸின் மாவட்டம், அதனால் 2019 பள்ளியாண்டிலிருந்து மூன்று வயதில் கல்வி கட்டாயம். டீச்சர் அரசு ஊழியர், தொடக்கப் பள்ளி டீச்சருக்கு உள்ள அதே படிப்பு, அதே சம்பள அட்டவணை. இந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த ஊர் மேல் பொறாமை. அங்கேயும் பிள்ளை கிரியோலில் வந்து பிரெஞ்சில் விழத்தான் செய்கிறது. ஆனால் வகுப்பில் உதவிக்கு இருக்கும் அம்மா பெரும்பாலும் உள்ளூர்க்காரர், கிரியோல் பேசுவார். எல்லா ஊரிலும் ஒரு கோகோ இருக்கிறார் போல.

ஜூலை 6, இரவு

கேள்வி கேட்டவருக்கு நேராகப் பதில் சொல்லாமல் தீவு தீவாகச் சுற்றுகிறேன் என்று புகார். நியாயம். என் பதில்: மகளை ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கன்வாடி மோசம் என்பதால் இல்லை, மூன்று வயதில் அவளுக்கு நீங்கள்தான் நாடு. நாலாயிரம் கேட்கும் இடத்தில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த டீச்சர் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேளுங்கள். வருஷா வருஷம் ஆள் மாறினால் வேண்டாம். வீட்டில் தமிழை விடாதீர்கள், யார் சொன்னாலும்.

இன்னொன்று: போன செப்டம்பரில் கையெழுத்தான சட்டப்படி கிரேடு ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின ஆண்டு, இனிக் கட்டாயம். இடம் எங்கே, டீச்சர் எங்கே, காசு எங்கே என்பது வேறு கதை. அதனால் கிரேடு ஆருக்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஜூலை 27

ஆடி ஞாயிறு. கோயிலில் கஞ்சி ஊற்றும் பூஜை. இங்கே அதற்குப் 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயர், முதல் வருஷம் கேட்டபோது சிரித்தேன், இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். புளித்த கஞ்சி, வெங்காயம், வாளி வாளியாக. கோகோவும் வந்திருந்தார், தூக்குப் போசியோடு. ஜூலு வீடுகளிலும் மாவைப் புளிக்க வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள், அதனால் அவருக்கு நாக்கில் ஒன்றும் புதிதில்லை. "உங்கள் அம்மனுக்கு எங்கள் சாப்பாடு பிடிக்கிறது" என்றார்.

தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளில் எங்கள் கராஜ் பிள்ளைகள் ஏழு பேரை எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை கிரெஷ் கிடையாது.

ஆகஸ்ட் 9

கிரெஷ்களை அரசிடம் பதிவு செய்யும் விஷயம் சூடு பிடித்துவிட்டது. 2022 ஏப்ரலில் கிரெஷ்களைச் சமூக நலத் துறையிடமிருந்து கல்வித் துறைக்கு மாற்றினார்கள். இந்த ஆண்டு பதிவில்லாத கிரெஷ்களைப் பதிவுக்குள் கொண்டுவர 'பானா பெலே' என்று ஓர் இயக்கம். பிள்ளைகள் முதலில் என்று பொருள். பதிவு இருந்தால்தான் மானியம். பதிவு வேண்டுமென்றால் கட்டடம் சரியாக இருக்க வேண்டும், கட்டடத்தைச் சரியாக்கக் காசு வேண்டும், காசுக்கு மானியம் வேண்டும். ஆண்ட்டி இதை விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டுவார்.

இருந்தாலும் விண்ணப்பிப்பது என்று முடிவு. முழுப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எடுத்தோம். நகராட்சியின் இட அனுமதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்று, ஒவ்வொருவருக்கும் போலீஸ் சான்று. இருபது பிள்ளைக்கு ஒரு கழிப்பறை. உள்ளே ஒரு பிள்ளைக்கு ஒன்றரை சதுர மீட்டர்.

கோகோவின் போலீஸ் சான்றுக்கான ஃபாரத்தில் 'பணி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஆண்ட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "உதவி ஆசிரியர் என்று போடு" என்றார். சம்பளத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. அடுத்த மாதக் கணக்கில் பேச வைப்பேன்.

ஆகஸ்ட் 11

இன்று கராஜை அளந்தோம். நான் டேப்பின் ஒரு முனை, கோகோ மறுமுனை. பிள்ளைகள் டேப்பைத் தாண்டிக் குதித்து விளையாடினார்கள், அதனால் மூன்று தடவை அளக்க வேண்டியதாயிற்று. ஏழுக்கு நாலரை. முப்பத்தொன்றரைச் சதுர மீட்டர்.

ஒன்றரையால் வகுத்தால் இருபத்தொன்று. வருகைப் பதிவேட்டில் முப்பத்து நாலு பேர். கழிப்பறை ஒன்று.

ஆண்ட்டி பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, "இவள் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்", "இவனைக் கோகோதான் டாக்சி ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருகிறார்". பதினாலாவது பெயரில் மூடிவிட்டார்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். "மிச்சம் பதிமூணா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஆய்வுக்கு வர்ற நாளைக்கு அந்தப் பதிமூணு பேருக்கும் காய்ச்சல்னு எழுது. எனக்கு அதிகாரி வரும்போதெல்லாம் ஊரில் ஒரே அம்மைதான்."

அப்படியானால் அந்தத் தராசு நாளில் நீ என்னதான் எழுதினாய் என்று மறுபடியும் கேட்டேன். பால் பொங்குது என்று ஃபோனை வைத்துவிட்டார்.